பாடல்: ஓ. ப்ளெட்சோ

கலிஃபோர்னியா
1937 பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

வெயிலில் மூக்குத் தோல் உரிந்ததைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் தொண்டைப் புண் ஆறியதா? நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி ஆறும்? அப்பாவின் காது இப்போது எந்த மட்டில் இருக்கிறது?

படத்தில் என்னைத் தேடியும் காணவில்லை என்று எழுதியிருந்தாய். இன்னொரு தடவை பார். கதாநாயகன் லேன் கார்வர் கிதாரை எடுத்துப் பாடும்போது பின்னால் நெருப்பைச் சுற்றி மூன்று தொப்பிகள் இருக்கும். மூன்றாவது தொப்பி நான். தரையில் நிறுத்தி வாசிக்கும் என் பெரிய பிடிலின் கழுத்து சரியாக முகத்துக்கு நேரே வருவதால் முகம் தெரியாது. ஒருநாள் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். டைரக்டர் மல்வேனி கத்தினார்: "ஏம்ப்பா பிடிலு! ஜனங்க உன் மூஞ்சியப் பாக்கவா வர்றாங்க? பழைய இடத்துக்கே போ!"

அந்த நெருப்பும் பகல் பன்னிரண்டு மணிக்கு எரிகிற நெருப்பு. கேமராவில் எதையோ மாட்டி ராத்திரியாக்கிவிடுவார்கள். நாங்கள் கம்பளிச் சட்டைக்குள் வெந்துகொண்டே குளிரில் நடுங்குவதுபோல் கையைத் தேய்ப்போம். பாட்டையும் அங்கே பாடுவதில்லை. முன்பே பதிவு செய்த இசைத்தட்டைச் சுழலவிட்டு வாயை அசைக்கவேண்டும். பௌடர் என்கிற லேனின் குதிரைக்கு அந்தத் தட்டின் சத்தம் ஆகாது. போன வாரம் ஒரே பாட்டுக்குப் பதினான்கு தடவை தும்மியது.

ஒரு நல்ல சேதி. பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர் சண்டை போட்டுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தயாரிப்பாளர் கிரிம்லி எங்கள் மூவரையும் நிறுத்தி, "உங்கள்ல எழுதத் தெரிஞ்சவன் எவன்?" என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை. மெட்டு எனக்கு வரும். வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது.

நீ நிறைய எழுது, அக்கா. ஊரில் நடப்பதையெல்லாம் உன் பாணியிலேயே எழுது. இங்கே உண்மையாகப் பேசுகிற மனிதர் யாரும் இல்லை.

உன் தம்பி
டார்சி


மெஸ்கைட் ஃபோர்க், டெக்ஸாஸ்
1937 பிப்ரவரி 21

என் அருமை டார்சி,

நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்குமேல் நலம் என்று சொன்னால் பொய். தொண்டைக்குத் தேனும் விஸ்கியும் கலந்து குடித்தேன். பாதிரியாரிடம் சொல்லிவிடாதே. அப்பாவுக்கு இடக்காது முழுக்கப் போய்விட்டது. வலக்காதில் கத்தினால் பாதி கேட்கும், மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்கிறார்.

எழுது எழுது என்கிறாய். புழுதியைத் தவிர இங்கே என்ன இருக்கிறது? காலையில் தலையணையைத் தூக்கினால் என் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பீன்ஸைக் கழுவிக் கழுவிப் போட்டாலும் பல்லில் நறநறக்கிறது.

ராய்ஸ் என்னை விட்டுப் போய், வருகிற ஏப்ரலோடு இரண்டு வருஷம் ஆகிறது. நிச்சயம் பண்ணிக்கொண்ட பெண்ணிடம் சொல்லிக்கொண்டு போக அவனுக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று. எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்ததும் எழுதுகிறேன் என்றான். எழுதவில்லை. அன்று அவன் கிளப்பின புழுதி இன்னும் கீழே இறங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு காது மடிந்த அவனுடைய செவலைக் குதிரை உனக்கு நினைவிருக்கும். வேலி திரும்பும் இடத்தில் அது நின்று என்னைப் பார்த்தது. குதிரை திரும்பிப் பார்த்தது, டார்சி. அவன் பார்க்கவில்லை.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். அப்பாவிடம் கத்தியா சொல்லமுடியும்?

வெயிலில் தொப்பியைக் கழற்றாதே. மூக்குக்கு வெண்ணெய் தடவு.

பிரியமுள்ள
அக்கா


கலிஃபோர்னியா
1937 ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. எட்டே நாளில் ஒரு படம் எடுத்து முடித்தோம். மூச்சுவிட நேரமில்லை. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. மூக்கு பழையபடி.

படத்தில் என் பாட்டு ஒன்று வருகிறது. லேனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிரிம்லிகூட என் தோளில் தட்டினார். மல்வேனி இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அது 'டார்வின்' என்று தப்பாக வருகிறது, இருந்தாலும் பரவாயில்லை.

நீ இன்னும் நீளமாக எழுதலாம். எதைப் பற்றி வேண்டுமானாலும்.

அப்பாவுக்கு என் அன்பைக் கத்திச் சொல்.

டார்சி


மெஸ்கைட் ஃபோர்க்
1937 ஜூலை 12

டார்சி,

எங்கள் உடம்பைப் பற்றி இந்தத் தடவை கேட்காதே.

படம் சனிக்கிழமை இங்கே வந்தது. பாதிப் படத்தில் லேன் கார்வர் குதிரைமேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துப் பாடுகிறார்: "என் குதிரை திரும்பிப் பார்த்தது, நான் பார்க்கவில்லை." புழுதி இறங்கவில்லையாம். குதிரைக்கு ஒரு காது மடிந்திருக்கிறதாம். பௌடருக்கு இரண்டு காதும் கொம்புபோல் நிற்கின்றன, அதையாவது கவனித்தாயா?

நீ மாற்றியது ஒரே ஒரு சொல். 'அவன்' என்பதை 'நான்' என்று ஆக்கியிருக்கிறாய். அதனால் விட்டுப் போனவன் நல்லவனாகிவிட்டான். தியேட்டரில் பெண்கள் அவனுக்காக மூக்கைச் சிந்தினார்கள். நின்றுகொண்டிருந்தவளைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு வரி இல்லை.

இந்த ஊரில் ஒரு காது மடிந்த செவலைக் குதிரை ஒன்றுதான் இருந்தது. அதில் ஏறிப் போனவனும் ஒருவன்தான். திங்கட்கிழமை காலை எக்ஸ்சேஞ்சில் முதல் அழைப்பு திருமதி ப்ரூயிட். "எந்த நம்பர் வேணும்?" என்றேன்.

"நம்பர் இருக்கட்டும்டி. குதிரையாவது உன்னைத் திரும்பிப் பாத்துச்சே, அதுவரைக்கும் சந்தோஷப்படு" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அன்று மட்டும் ஒன்பது பேர். சில பேர் ஒன்றும் பேசாமல் மெட்டை மட்டும் முணுமுணுத்துவிட்டு நம்பர் சொன்னார்கள். இணைப்பைக் கொடுப்பது என் வேலை. கொடுத்தேன்.

உன்னிடம் மட்டும் சொன்னதை ஊருக்கே சொல்லிவிட்டாய். அது போகட்டும், திருப்பி வாங்கமுடியாது. ஆனால் படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் காட்டும் அட்டையில் 'பாடல்: டார்சி ப்ளெட்சோ' என்று வந்ததே, அது எப்படி? என் அவமானத்தை நான்தான் எழுதினேன். பெயரும் என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

ஓலீட்டா


கலிஃபோர்னியா
1937 ஆகஸ்ட் 3

என் அருமை அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை, சத்தியமாக. ஒரு வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு வேண்டும் என்றார் கிரிம்லி. மேஜையில் உன் கடிதம் கிடந்தது.

நீ சொன்னபடியே அவரிடம் கேட்டேன். "கௌபாய் பாட்டுக்குப் பொம்பளை பேரா? தியேட்டர்ல சிரிப்பாங்கய்யா" என்றார். நான் விடவில்லை. அடுத்த படத்துக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. தொண்டையைப் பார்த்துக்கொள்.

டார்சி


மெஸ்கைட் ஃபோர்க்
1937 ஆகஸ்ட் 20

டார்சிக்கு,

அப்பா சுகம். தொண்டை சுகம். கோபமும் குறையாமல் சுகமாகவே இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைத்தால் நானும் உன்னைப்போல் ஆகிவிடுவேன். நேற்றுத் தீவனக் கடை வாசலில், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு லாரி ஓட்டுநர் டயரை மாட்டிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னைத் தெரியாது, ராய்ஸையும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். நான் சொன்ன ஒன்று முன்பின் தெரியாதவனுடைய வாயில் இருந்தது. அரை மணி நேரம் கோழித் தீவனம் வாங்குவதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

அதனால் இத்துடன் ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். இது கடிதமல்ல, பாட்டாகவே எழுதியது. மார்ச் மாத வடகாற்றில் ஒரு குதிரை குட்டி போடுகிறது, வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லை, ஒரு பெண் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. இதில் 'அவள்' என்பதை 'அவன்' ஆக்காதே. கடைசியில் என் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். பெயரோடு எடுத்துக்கொள். இல்லையென்றால் திருப்பி அனுப்பு.

அக்கா


கலிஃபோர்னியா
1937 அக்டோபர் 14

அன்புள்ள அக்கா,

இருமலோடு எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை, அந்தப் பொய் நெருப்பின் புகைதான்.

குதிரைக் குட்டிப் பாட்டு அற்புதம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். லேன் பதிவின்போது நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். 'அவள்' என்பதை மட்டும் அப்படியே வைக்க முடியவில்லை, பாடுகிறவர் ஆண் அல்லவா. பெயர் விஷயமாக மூன்று தடவை கேட்டுவிட்டேன். லேனும் என்னோடு வந்து கிரிம்லியிடம் பேசிப் பார்த்தார். அவர் அசையவில்லை. இந்தப் படத்துக்கும் என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள், நான் என்ன செய்யட்டும்? அட்டை எழுதுகிற இடத்துக்கு நானா போகமுடியும்?

லேன் நவம்பரில் டெக்ஸாஸ் பக்கம் ஊர் ஊராகத் தியேட்டர்களில் நேரில் தோன்றப் போகிறார். நம் ஊர் பட்டியலில் இருக்காது என்று நினைக்கிறேன். சின்ன ஊர்தானே.

அப்பாவுக்கு அன்பு.

டார்சி


மெஸ்கைட் ஃபோர்க்
1937 நவம்பர் 22

டார்சி,

உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நம் சின்ன ஊரும் பட்டியலில் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் லேன் கார்வர் வந்தார். மேடையில் பௌடர் முன்காலை மடக்கி வணக்கம் சொன்னது, மேயரின் தொப்பியைக் கடித்தது. கூரை பறக்கிற மாதிரி கைதட்டல். பிறகு வெளிக்கூடத்தில் மேஜை போட்டுப் படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பை உடுத்திக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன்.

"நான் டார்சி ப்ளெட்சோவோட அக்காங்க."

"டார்சி? அட, நம்ம பிடிலு! தங்கமான பையன். என்னமா எழுதறான்!"

"எழுதறது நான்தாங்க. அந்தக் குதிரைப் பாட்டும், குட்டிப் பாட்டும். பேரு போடச் சொல்லி நீங்ககூட அவனோட சேந்து கிரிம்லிகிட்டப் பேசினீங்களாமே. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

அவருடைய பேனா நின்றுவிட்டது.

"அம்மா, உங்க மனசு நோகக்கூடாது. இப்படி நீங்க ஒருத்தர் இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும். பேரப் பத்தி கிரிம்லிகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலையே. கேட்டிருந்தா எனக்குத் தெரியாம இருக்காது. நானும் கிரிம்லியும் தினமும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடறோம்."

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். "சீக்கிரம்மா, குதிரை கிளம்பிடப் போகுது" என்று ஒருத்தி. லேன் மெல்ல, "அந்தச் செவலைக் குதிரை... நிஜமா இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், அதில் 'டார்சியின் அக்காவுக்கு' என்று எழுதியிருக்கிறது.

நல்ல மனிதர். அவருக்கும் என் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று தடவை கேட்டேன் என்று எழுதினாய். எந்த மூன்று தடவை, டார்சி?

ஓலீட்டா


மெஸ்கைட் ஃபோர்க்
1937 டிசம்பர் 29

டார்சி,

பண்டிகைக்கு ஒரு வாழ்த்துக்கூட வரவில்லை. அப்பா தினமும் தபால்பெட்டிவரை நடந்து போய்வருகிறார். பனியில் ஒருநாள் வழுக்கி விழுந்தார், எலும்பு தப்பியது.

குட்டிப் பாட்டுப் படம் இங்கே ஓடுகிறது. மூன்றாவது தொப்பி அசைந்தது. அதனால் நீ உயிரோடு இருக்கிறாய் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓ.


1938 பிப்ரவரி 3

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அப்பாவுக்கு இடுப்பில் வலி உண்டா?

மூன்று தடவையும் இல்லை. ஒரு தடவைகூட இல்லை. ஆகஸ்டில் கேட்கத்தான் போனேன், கிரிம்லியின் அறைக் கதவுவரை போனேன். உள்ளே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம பிடில்காரன் சாதாரண ஆளு இல்லய்யா, பெரிய ஆளு." கதவில் தட்டுவதற்குத் தூக்கிய கையை இறக்கிவிட்டேன். இங்கே வந்து நாலு வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பொம்பளை பேரா என்று அவர் சொன்னதாக எழுதினேனே, அதுவும் நானே இட்டுக்கட்டியது.

லேன் திரும்பி வந்தபின் என்னோடு பேசவில்லை. படப்பிடிப்பில் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நாள் பொறுத்தேன். பிறகு கிரிம்லியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். "டெலிபோன் ஆபரேட்டரா? அக்காவா? இத முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? பேருதானே, போட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு சுலபம், அக்கா. அவ்வளவு சுலபமாக இருந்தது. வேறு சிலதும் சொன்னார், அதை விடு.

குட்டிப் பாட்டை இன்னொரு படத்திலும் வைக்கிறார்கள். ஏப்ரலில் வரும். அட்டையில் நம் குடும்பப் பெயரோடு உன் பெயர் இருக்கும். எழுதி முடித்ததைக் கண்ணால் பார்த்தேன். இனி உனக்கு நேராகவே எழுதுவார்கள், என் வழியாக வேண்டாம்.

குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு படுங்கள்.

டார்சி


மெஸ்கைட் ஃபோர்க்
1938 ஏப்ரல் 18

அன்புள்ள டார்சி,

நாங்கள் இருவரும் நலம். இந்தத் தடவை உண்மையாகவே. அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கிறார்.

நீ போன கடிதத்தில் முகவரி எழுதவில்லை. தபால் முத்திரையில் பேக்கர்ஸ்ஃபீல்ட் என்று இருக்கிறது; அது பழத்தோட்ட வேலைக்குப் போகிற ஊர், சினிமா எடுக்கிற ஊரல்ல. உறைக்குள் ஆரஞ்சுப் பெட்டியில் ஒட்டுகிற சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கிரிம்லி சொன்ன வேறு சிலது என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தை அந்த ஊர்த் தபால் அலுவலகத்துக்கே உன் பெயருக்கு அனுப்புகிறேன். கிடைக்கும்.

படம் வியாழக்கிழமை வந்தது. அட்டையும் வந்தது. 'பாடல்: ஓ. ப்ளெட்சோ.'

ஓ. அவ்வளவுதான். அதைத்தான் நீ கண்ணால் பார்த்துவிட்டு, உன் பெயர் இருக்கும் என்று எழுதினாய்.

ஊரில் ஓ. ப்ளெட்சோ என்றால் யார்? ஓரின் ப்ளெட்சோ, நம் அப்பா. வெள்ளிக்கிழமை தீவனக் கடையில் அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். "என்ன ஓரின், இத்தனை நாளா எங்ககிட்ட மறைச்சிட்டியே! குட்டியப் பத்தி என்ன அழகா எழுதியிருக்க! ரொம்பச் சிரமப்பட்டியோ?" அப்பாவுக்குக் 'குட்டி', 'சிரமம்' இரண்டும்தான் கேட்டிருக்கிறது. போன வாரம் கன்று போட்ட நம் பசுவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். "ஆமாய்யா, உசிரு போயிடுச்சு. கடைசில கைய உள்ள விட்டுத்தான் இழுத்தேன்" என்றார். பாட்டு எழுதுவதைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவர்கள் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். திருமதி ப்ரூயிட் போனில் என்னிடமே, "உங்கப்பாவுக்குள்ள இப்படி ஒரு மனசா! உனக்கு அதுல கொஞ்சமாவது வந்திருக்கக்கூடாதா?" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவின் வலக்காதில் தொண்டை கிழியச் சொல்லிப் புரியவைத்தேன். கையிலிருந்த சோள ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அப்ப நான் போய், நான் இல்லைன்னு சொல்லட்டுமா?" என்றார். "வேண்டாம்ப்பா, நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனேன். நடு வரிசை. அட்டை வந்ததும் எழுந்து நின்று, "அந்த ஓ நான்தான். ஓலீட்டா ப்ளெட்சோ" என்றேன். எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. யாரோ சிரித்தார்கள். அதற்குள் அட்டை போய் அடுத்தவர் பெயர் வந்துவிட்டது. மூன்று தடவை மூச்சு விடுகிற நேரம்கூட அது நிற்பதில்லை, டார்சி. இத்தனை சண்டையும் அதற்காகத்தான்.

சாயங்காலக் காட்சிக்கும் போனேன். அப்போதும் எழுந்து நின்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். அப்பாவும் வந்தார். இதுநாள்வரை அவர் தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை, தெரியும் உனக்கு. ஒரு வார்த்தை கேட்காத இடத்தில் உட்கார்ந்து என்ன பார்க்கப்போகிறாரோ என்று நினைத்தேன். அட்டை வந்தது. நான் எழுந்தேன். அவரும் எழுந்து, எனக்கு நேராகக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றார், ஏலத்தில் மாட்டைக் காட்டுகிற மாதிரி. பின்வரிசையிலிருந்து திருமதி ப்ரூயிட் சொன்னாள்: "உக்காரும்மா ஓலீட்டா, மறைக்குது."

"மறைக்கட்டும்" என்றேன்.

முகவரி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ஓலீட்டா ப்ளெட்சோ